மிட்-சைடு ஸ்டீரியோ ஒலிப்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிட்-சைடு முறை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். ஒன்று பாடகரையோ கருவியையோ நேராகப் பார்க்கும், அது மிட். மற்றது எட்டு வடிவ மைக். முன்னும் பின்னும் வரும் ஒலியை வாங்கும், இரு விலாப்புறத்திலும் செவிடு. அதைத் திருப்பி, ஒரு முகம் இடப்பக்கத்தையும் மறுமுகம் வலப்பக்கத்தையும் பார்க்கும்படி வைத்தால் அது சைடு. பதிவான இரண்டு ட்ராக்குகளும் அப்படியே இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் போவதில்லை. மிட்டுடன் சைடைக் கூட்டினால் இடது, மிட்டிலிருந்து சைடைக் கழித்தால் வலது. முறை இவ்வளவுதான். கீழே வரும் பதில்களெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தலிலிருந்து பிறப்பவை.

இருப்பதோ ஒரே ஒரு சைடு மைக். அது எப்படி இடதையும் வலதையும் பிரித்தறிகிறது?

எட்டு வடிவ மைக்கின் இரு முகங்களும் சம அளவில் ஒலியை வாங்குகின்றன. ஆனால் போலாரிட்டி எதிரெதிர். முன்முகத்தில் படும் ஒலி மின்னழுத்தத்தை மேலே தள்ளினால், பின்முகத்தில் படும் அதே ஒலி கீழே தள்ளும். முன்முகம் இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்க ஒலி நேர்க்குறியோடும் வலப்பக்க ஒலி எதிர்க்குறியோடும் பதிவாகும். முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும் கார்டியாய்டு மைக்கை மிட்டாக வைத்தால், அதற்கு இந்தப் பாகுபாடு கிடையாது. எந்தப் பக்கத்து ஒலியும் அதற்கு நேர்க்குறிதான்.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். மிட் கார்டியாய்டு, இரு மைக்குகளும் சம உணர்திறன் உள்ளவை என்று கொள்வோம். நேர் எதிரே இருக்கும் ஒலியை மிட் 1 என்று வாங்குகிறது. சைடுக்கு அது கேட்கவே இல்லை, எனவே 0. இடது 1, வலது 1: ஒலி நடுவில் நிற்கும். இப்போது அந்த ஒலி 30 பாகை இடப்பக்கம் நகரட்டும். மிட் 0.93, சைடு 0.5. கூட்டினால் இடது 1.43, கழித்தால் வலது 0.43. இரண்டுக்கும் சுமார் 10 டெசிபல் வேறுபாடு, காதுக்குத் தெளிவாகவே இடப்பக்கம். 53 பாகையில் மிட்டும் சைடும் சமமாகிவிடும். வலது சுழியம், ஒலி முழுக்க இடது ஸ்பீக்கரில்.

ஆகவே சைடு ட்ராக்கை ‘பக்கவாட்டு ஒலி’ என்று நினைப்பதைவிட, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைப்பது நல்லது. இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு எதுவும் குழப்பமாக இருப்பதில்லை.

இது புதிய முறையா?

ஸ்டீரியோ எவ்வளவு பழையதோ ஏறக்குறைய அவ்வளவு பழையது. ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்து 1933-ல் பெற்ற பிரித்தானியக் காப்புரிமையிலேயே கூட்டல்-கழித்தல் என்ற கருத்து இருக்கிறது. மைக் முறையாக அதை 1950-களில் வளர்த்தவர் டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லவ்ரிட்சன். வானொலிக்காரர்களுக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு: கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் மோனோ (ஒற்றைச் சானல்) பெட்டிகளே இருந்தன. 1961-ல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பும் இதே தந்திரம்தான். கூட்டலை வழக்கமான அலைவரிசைப் பகுதியிலும், கழித்தலை 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையிலும் ஏற்றி அனுப்பினார்கள்; பழைய மோனோ பெட்டி கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டையில்லாமல் பாடியது.

என்னென்ன மைக்குகள் வேண்டும்?

சைடுக்கு எட்டு வடிவம் கட்டாயம். அதில் சமரசம் இல்லை. வடிவத்தை மாற்றும் சுவிட்ச் உள்ள கண்டென்சர் மைக்குகளில் (நாய்மன் யூ 87, ஏ.கே.ஜி. சி 414, ரோடு என்.டி.2-ஏ போன்றவை) எட்டு வடிவம் இருக்கும். மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியை வாங்கும் ரிப்பன் மைக்குகளில் பெரும்பாலானவை இயல்பிலேயே எட்டு வடிவம் கொண்டவை.

மிட்டுக்கு எதுவும் ஆகும். வழக்கமானது கார்டியாய்டு. எல்லாத் திசையிலும் கேட்கும் ஓம்னி மைக்கை வைத்தால், முதுகோடு முதுகாக இடமும் வலமும் பார்க்கும் இரண்டு கார்டியாய்டுகளுக்குச் சமமான ஸ்டீரியோ கிடைக்கும். நடுப்பகுதி சற்றுத் தளர்ந்து, அறை தாராளமாக உள்ளே வரும். மிட்டும் எட்டு வடிவமாக இருந்தால், 90 பாகையில் குறுக்கிட்ட இரண்டு எட்டு வடிவ மைக்குகளைக் கொண்ட ப்ளூம்லைன் ஜோடியாக அது மாறிவிடும். மைக்கை மாற்றாமல் மிட்டின் சுவிட்சை மட்டும் திருப்பி இத்தனையும் பெறலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டியதில்லை. பேயர்டைனமிக் எம் 160-ஐ மிட்டாகவும் எம் 130-ஐ சைடாகவும் வைப்பது பழகிப்போன ஜோடி. இயற்கை ஒலிகளைப் பதிவு செய்பவர்கள் சென்ஹைசர் எம்.கே.எச் 40, எம்.கே.எச் 30 ஜோடியை விரும்புகிறார்கள். ஆனால் இரண்டின் குணம் அதிகம் வேறுபட்டால் விளைவு இருக்கும். பளிச்சென்ற கண்டென்சர் மிட்டாகவும் மேல் அலைவரிசை மங்கிய ரிப்பன் சைடாகவும் இருந்தால், கீழ் ஸ்தாயி அகலமாகவும் உச்ச ஸ்தாயி நடுவில் குவிந்தும் கேட்கும். சில பதிவுகளுக்கு அது அழகாகவே இருக்கும். தெரிந்து செய்தால் சரி.

என்னிடம் எட்டு வடிவ மைக் இல்லை. கார்டியாய்டுகள் மட்டுமே இருக்கின்றன.

மூன்று கார்டியாய்டுகளும் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மூன்று உள்ளீடுகளும் இருந்தால் வழி உண்டு. ஒரே மாடல் கார்டியாய்டுகள் இரண்டை, ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் பார்க்க, தலைகள் ஒட்டினாற்போல் வைத்து, கெயினை (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் அளவை) சமமாக்குங்கள். வலப்பக்க மைக்கின் போலாரிட்டியைத் திருப்பி இரண்டையும் கூட்டினால் கிடைப்பது கணக்குப்படி எட்டு வடிவமேதான். நடைமுறையில் இரண்டு மைக்குகளும் துளித்துளி வேறுபடுவதால் நேரெதிர் ஒலி முழுவதும் மறையாது. கற்றுக்கொள்ள இது போதும்.

இரண்டே இரண்டு கார்டியாய்டுகள்தான் என்றால் மிட்-சைடை விட்டுவிட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் இடமும் வலமுமாகச் சாய்த்து வைக்கும் எக்ஸ்-ஒய் முறையில் பதிவு செய்யுங்கள். ஒற்றைக் கார்டியாய்டைப் பக்கவாட்டில் திருப்பிச் சைடு என்று பெயர் சூட்டினால் அது சைடு ஆகிவிடாது.

கையடக்கக் கருவிகளில் ‘எம்-எஸ்’ என்று போட்டிருக்கிறதே, அது இதுதானா?

ஆம். ஸூம் எச்2என், கைப்பேசியில் செருகும் ஷூர் எம்.வி.88 போன்றவற்றில் இரு கேப்ஸ்யூல்களும் (மைக்கில் ஒலியை வாங்கும் பகுதி) உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. தொடக்கத்துக்கு இது நல்ல வழி. மைக்குகளை ஒட்ட வைக்கும் தலைவலி இல்லை. இத்தகைய கருவியில், மிட்டையும் சைடையும் கூட்டிக் கழிக்காமல் அப்படியே பதியும் ‘எம்-எஸ் ரா’ போன்ற அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அகலத்தைக் கருவியிலேயே முடிவு செய்துவிட்டால், பிறகு உட்கார்ந்து முடிவு செய்யும் வசதி குறைந்துவிடுகிறது.

மைக்குகளை எப்படி நிறுத்த வேண்டும்?

ஒரு மைக்கை நிமிர்த்தியும் மற்றதைத் தலைகீழாகவும் பிடித்து, இரண்டு கேப்ஸ்யூல்களும் செங்குத்தாக ஒரே கோட்டில், முட்டாமல் ஆனால் முடிந்தவரை நெருங்கி இருக்கும்படி வையுங்கள். நெருக்கம் ஏன் முக்கியம் என்றால், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 3.4 சென்டிமீட்டர்தான். மைக்குகளின் உயரத்துக்கே நேராக வரும் ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். மேலிருந்தோ கீழிருந்தோ வருவது ஒன்றை முந்தித் தொடும். தாமதம் வந்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் கணக்குப்படி நடக்காது. முன்பின்னாக விலகியிருப்பது இன்னும் மோசம்.

சைடு மைக்கின் முன்முகம், அதாவது பெரும்பாலும் நிறுவன முத்திரை உள்ள பக்கம், இடப்பக்கம் பார்க்க வேண்டும். யாருக்கு இடம்? மைக்குக்குப் பின்னால் நின்று கருவியைப் பார்க்கும் உங்களுக்கு. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் முத்திரை பார்க்கும் திசையே கணக்கு.

கருவியிலிருந்து எவ்வளவு தூரம்?

மிட் மைக்கை மட்டும் கேட்டுக்கொண்டு இடம் தேடுங்கள். சைடை அணைத்துவிடுங்கள். மோனோவில் கேட்டே ‘இதுவே போதும்’ என்று தோன்றும் இடம் கிடைக்கும்வரை நகர்த்துங்கள். பிறகுதான் சைடைத் திறக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பிடிவாதமான பதில்தான் உண்டு, ஏனென்றால் மிட் சுமாராக இருந்தால் சைடு அதைக் காப்பாற்றாது. சுமாரான ஒலி அகலமாகக் கேட்கும், அவ்வளவே.

அகூஸ்டிக் கிட்டாருக்கு 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்தில், கழுத்து உடலைச் சேரும் இடத்தை நோக்கித் தொடங்கலாம். சேர்ந்திசைக்கு இரண்டு மூன்று மீட்டர். இன்னும் விலகினால் சைடில் அறையின் எதிரொலி ஆதிக்கம் செலுத்தும். நல்ல கூடமாக இருந்தால் அதற்காகவே விலகி வைப்பவர்கள் உண்டு.

சைடு ட்ராக்கைத் தனியாகக் கேட்டால் மெலிந்து, தூரத்தில் இருப்பதுபோல் கேட்கிறது. மைக் பழுதா?

இல்லை, அப்படித்தான் கேட்க வேண்டும். கருவி சைடு மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அதில் விழுவது பெரும்பாலும் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலி. மாறாக, சைடில் கருவி கணீரென்று கேட்டால்தான் கவலைப்பட வேண்டும்: மைக் கோணல், அல்லது வடிவச் சுவிட்ச் இன்னும் கார்டியாய்டில் நிற்கிறது.

கெயின் எப்படி வைப்பது?

ஒரே மாடல் மைக்குகள் என்றால் இரண்டுக்கும் ஒரே கெயின். சைடின் அளவு தாழ்ந்தே காட்டும். அதை நிமிர்த்தத் தேவையில்லை. சம கெயினில் பதிந்தால் மேலே சொன்ன பாகைக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். வேறு வேறு மைக்குகள் என்றால் இரைச்சலுக்கு மேலே, உச்சத்துக்குக் கீழே தெளிவான அளவில் பதிந்துகொண்டு, சமநிலையை மிக்ஸிங்கில் காதால் தீர்மானியுங்கள். பாஸிவ் ரிப்பன் மைக்குக்கு கெயின் நிறையத் தேவைப்படும். கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தேவைப்படாது, பழுதான கேபிளோடு சேர்ந்தால் ரிப்பனுக்கு ஆபத்தும்கூட.

பதிவின்போது ஹெட்ஃபோனில் ஒரு காதில் கருவி, மறு காதில் அறை என்று கேட்கிறது.

டீகோடு செய்யாத, அதாவது கூட்டிக் கழித்து இடது வலதாக மாற்றாத, மிட்-சைடு அப்படித்தான் கேட்கும். சில ரெக்கார்டர்களில் பதிவு மாறாமல் ஹெட்ஃபோனுக்கு மட்டும் டீகோடு செய்யும் வசதி இருக்கிறது. கணினியில் பதிவு செய்தால், கீழே சொல்லும் டீகோடு அமைப்பை முன்பே போட்டுவைத்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் மிட்டை மட்டும் இரு காதிலும் கேட்டுப் பதிவு செய்வது நிம்மதி.

மென்பொருளில் டீகோடு செய்வது எப்படி?

மிட் ஒரு ட்ராக், பேன் (ஒலியை இடமும் வலமும் நகர்த்தும் குமிழ்) நடுவில். சைடு ஒரு ட்ராக், பேன் முழுக்க இடப்பக்கம். சைடு ட்ராக்கைப் பிரதி எடுத்து, பிரதியின் போலாரிட்டியைத் திருப்பி, அதை முழுக்க வலப்பக்கம் தள்ளுங்கள். இரு சைடு ட்ராக்குகளின் ஃபேடரும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோல்) எப்போதும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரு குழுவாகப் பிணைத்துவிடுங்கள்.

போலாரிட்டி பொத்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு இடத்தில் இருக்கும். மிக்ஸர் பகுதியில் சாய்கோடு போட்ட வட்டக் குறி, ஏபிள்டனில் ‘யூட்டிலிட்டி’, ஆடாசிட்டியில் ‘இன்வெர்ட்’ எஃபெக்ட். பல இடங்களில் இதற்கு ‘ஃபேஸ்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். இங்கே நடப்பது அலை தலைகீழாவது மட்டும்தான், தாமதம் ஏதுமில்லை.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. மிட்டை அணைத்து, இரு சைடு ட்ராக்குகளையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முழு அமைதி வர வேண்டும். ஏதாவது கேட்டால் ஃபேடர்கள் சமமில்லை, அல்லது ஒன்றில் மட்டும் ஏதோ ப்ளக்-இன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிசெய்துவிட்டு மீண்டும் இடமும் வலமும் தள்ளுங்கள்.

மூன்று ட்ராக் வித்தை அலுத்துப்போனால், மிட்டை இடது சானலிலும் சைடை வலது சானலிலும் வைத்த ஒரே ஸ்டீரியோ ட்ராக்கில் டீகோடர் ப்ளக்-இன் போடலாம், வாக்ஸெங்கோவின் எம்.எஸ்.இ.டி. இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் முதல் சில பதிவுகளுக்குக் கையால் செய்து பாருங்கள். என்ன நடக்கிறது என்பது விரல்களுக்குப் புரியும்.

சைடை எவ்வளவு ஏற்றலாம்?

மிட்டைவிட 6 டெசிபல் தாழ்வாக வைத்துத் தொடங்குங்கள். அந்த எண் சும்மா வந்ததல்ல. சம கெயினில் பதிந்த கார்டியாய்டு மிட்டுக்கு, சைடு 6 டெசிபல் குறையும்போது, நேர் இடப்பக்கம் 90 பாகையில் இருக்கும் ஒலி சரியாக இடது ஸ்பீக்கரில் போய் நிற்கிறது. மைக்குக்கு முன்னாலுள்ள அரைவட்டம் முழுவதும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கிடையே விரிகிறது. முன்பு பார்த்த 30 பாகை ஒலிக்கு இடவல வேறுபாடு 10-லிருந்து 5 டெசிபலுக்கு அருகே இறங்குகிறது, நடுப்பகுதி கெட்டிப்படுகிறது.

சைடை மிட்டுக்குச் சமமாக ஏற்றினால் 53 பாகையிலேயே ஒலி விளிம்பைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் இருப்பவை எதிர் ஸ்பீக்கரில் எதிர்க்குறியோடு கசியத் தொடங்கும். இன்னும் ஏற்றினால் பெரிதாக, அகலமாக, உள்ளீடற்றுக் கேட்கும். தலைக்குள் ஏதோ இழுப்பதுபோன்ற அந்த உணர்வைத்தான் புதியவர்கள் ‘செம அகலம்’ என்று மெச்சிக்கொள்கிறார்கள். இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் சுழியத்துக்குக் கீழே தங்கினால் குறையுங்கள்.

ஒரு கொசுறுத் தகவல்: பல மென்பொருள்களில் நடுவில் உள்ள மோனோ ட்ராக் தானாகவே 3 டெசிபல் குறைக்கப்படுகிறது. கையால் மூன்று ட்ராக் அமைத்தவர்களுக்கு ஃபேடர் எண்ணும் உண்மை விகிதமும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம்.

மோனோவில் கேட்டால் என்ன ஆகும்?

இடதும் வலதும் சேரும்போது சைடும் அதன் தலைகீழும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிட் மட்டும் மிஞ்சும். விலகி வைத்த மைக்குகளில் மோனோவாக்கும்போது வரும் சீப்புப்பல் போன்ற ஒலிக்கேடு இங்கே கிடையாது. ஆனால் சைடில் இருந்த அறை ஒலியும் கூடவே போய்விடுகிறது. மோனோவில் பதிவு சற்று வறண்டு, நெருங்கிக் கேட்கும். கைப்பேசியிலும் ஒற்றை ஸ்பீக்கரிலும் கேட்பவர்கள் ஏராளம் என்பதால், மோனோ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

இடமும் வலமும் மாறிவிட்டன. திரும்பப் பதிய வேண்டுமா?

வேண்டாம். சைடு மைக் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறது. சைடு ட்ராக்குகளின் பேனை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. எது இடம் என்பதே நினைவில்லாமல் போகக்கூடாது என்றால், பதிவின் தொடக்கத்தில் மைக்கின் இடப்பக்கம் நின்று ‘இடது’ என்றும் வலப்பக்கம் நின்று ‘வலது’ என்றும் சொல்லிவையுங்கள்.

எக்ஸ்-ஒய், ஓ.ஆர்.டி.எஃப். முறைகளைவிட இது மேலானதா?

எக்ஸ்-ஒய்யில் இரு கார்டியாய்டுகள் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் இருக்கும் முக்கியமான ஒலி இரண்டுக்குமே பக்கவாட்டில் விழுகிறது, நிறம் சற்று மாறுகிறது. மிட்-சைடில் நடுவொலி மிட்டின் நேர்முகத்தில் விழுகிறது. தனிப்பாடகர், தனிக்கருவி என்றால் இது பெரிய லாபம். அகலத்தைப் பிறகு மாற்றலாம் என்பது அடுத்த லாபம்.

17 சென்டிமீட்டர் இடைவெளியும் 110 பாகைக் கோணமும் கொண்ட ஓ.ஆர்.டி.எஃப். வேறு வகை. அதில் இரண்டு மைக்குகளையும் ஒலி வேறு வேறு நேரத்தில் எட்டுகிறது. அந்த நேர வேறுபாடுதான் ஹெட்ஃபோனில் விசாலமாகக் கேட்கக் காரணம். மிட்-சைடில் நேர வேறுபாடே இல்லை. துல்லியம் கூடும், விசாலம் குறையும். நல்ல கூடத்தில் பெரிய குழு வாசிக்கும்போது நான் ஓ.ஆர்.டி.எஃப். பக்கம்தான் சாய்வேன்.

ஈக்யூ, கம்ப்ரஸர் போடலாமா?

சைடில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அடித்தொனி நடுவில் நிலைக்கும். மேல் அலைவரிசையைச் சற்று உயர்த்தினால் காற்றோட்டம் கூடும். எதைச் செய்தாலும் பிரதி எடுப்பதற்கு முன்போ, இரு பிரதிகளுக்கும் ஒன்றுபோலவோ செய்யுங்கள். உரத்த ஒலியை அழுத்திக் குறைக்கும் கம்ப்ரஸரை டீகோடு செய்த ஸ்டீரியோவில் போடுவது பாதுகாப்பு. மிட்டில் மட்டும் போட்டால், ஒவ்வொரு முறை அது அழுத்தும்போதும் அகலம் வீங்கிச் சுருங்கும்.

எங்கே இந்த முறை வேண்டாம்?

கெட்ட அறையில். சைடு மைக் இரு பக்கச் சுவர்களையே உற்றுக் கேட்கிறது. சுவர் நெருங்கி, வெற்றாக இருந்தால் அந்தப் பெட்டிச் சத்தம் முழுவதும் பதிவில் வரும். வெறும் பேச்சுக்கும் தேவையில்லை.

மாஸ்டரிங்கில் (மிக்ஸ் முடிந்தபின் செய்யும் இறுதி மெருகில்) சொல்லும் மிட்-சைடும் இதுதானா?

கணக்கு அதே, வேலை வேறு. அங்கே முடிந்த ஸ்டீரியோவிலிருந்து கூட்டலையும் கழித்தலையும் பிரித்தெடுத்துத் திருத்தி, மறுபடி சேர்க்கிறார்கள். எந்த மைக் முறையில் பதிந்தது என்பது அதற்குப் பொருட்டல்ல.

பதிவை வேறொருவர் மிக்ஸ் செய்யப் போகிறார். எதை அனுப்புவது?

டீகோடு செய்யாத மிட், சைடு இரண்டையும் தனித்தனி மோனோ கோப்புகளாக அனுப்புங்கள். ஒரே ஸ்டீரியோ கோப்பாக அனுப்பினால், அதைச் சாதாரண இடது-வலது என்று நினைத்துக் கருவியை ஒரு ஸ்பீக்கரிலும் அறையை மறு ஸ்பீக்கரிலும் வைத்து மிக்ஸ் முடித்துவிடுவார்கள். கோப்பின் பெயரிலேயே ‘மிட்’, ‘சைடு, முன்முகம் இடப்பக்கம்’ என்று எழுதிவிடுங்கள். நீங்கள் விரும்பிய அகலத்தில் டீகோடு செய்த மாதிரி ஒன்றையும் கூடவே வைத்தால், அவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்காது.